மலைமேல் வந்த விமானங்கள்

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ரயிலேறிய வருஷம், எங்கள் ஊரிலும் யுத்தம் நடந்தது. ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், ஆலங்காயத்திலிருந்து மாட்டுவண்டியில் போகும் தூரத்தில் இருந்த ஊர். எங்கள் ஊருக்கு பஸ் வராது. ஜப்பான்காரன் மட்டும் கட்டாயம் வருவான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மேலிடத்து உத்தரவுப்படி விமானத் தாக்குதலைச் சமாளிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் மணியக்காரர். காரியதரிசி என் அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். கமிட்டியின் முதல் வேலை இருட்டடிப்பு. சூரியன் சாய்ந்த பிறகு ஊரில் ஒரு விளக்குகூடத் தெரியக்கூடாது. சீமெண்ணெய் கிடைக்காமல் ஊரே பல மாதமாக இருட்டில்தான் கிடந்தது. “இருட்டடிப்பு பூரண வெற்றி” என்று அப்பா எழுதி அனுப்பினார். பாராட்டு வந்தது.

பாராட்டுக்குப் பின்னாலேயே சாமான்களும் வந்து இறங்கின. சிவப்பு பெயிண்ட் அடித்த பக்கெட்டுகள், காலால் மிதித்துக்கொண்டு கையால் அடிக்கும் ஒரு பம்பு, ஒரு விசில், நோயாளியைப் படுக்கவைத்துத் தூக்கும் கித்தான் ஸ்ட்ரெச்சர் ஒன்று. மணியக்காரர் எல்லாவற்றையும் சாவடி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். பக்கெட்டுகளில் ‘குண்டு விழுந்தால் மட்டும்’ என்று எழுதச் சொன்னார். அப்பாவின் கையெழுத்து நன்றாக இருக்கும். அவரே எழுதினார்.

கமிட்டிக்குத் தொண்டர்கள் வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் உறுப்பினராக இருக்கச் சம்மதித்தார்கள். ஓடுவதற்கும் தூக்குவதற்கும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. என் அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. வாணியம்பாடியில் படித்துக்கொண்டிருந்தவன், யுத்த பீதியில் அங்கே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தான். அவனுடைய சினேகிதன், புளிமண்டி பாயின் மகனும் சேர்ந்துகொண்டான். பெண்கள் பிரிவு ஒன்றும் வேண்டும் என்று உத்தரவில் இருந்ததால் என்னைச் சேர்த்தார்கள். எனக்குப் பதினைந்து. நான் ஒருத்தியே பிரிவாக இருக்க முடியாது என்று அப்பாவுக்குத் தோன்றியது. மண்டியில் புளி உடைக்க மலையிலிருந்து இறங்கி வந்து தங்கியிருந்த குடும்பத்துப் பெண்ணையும் சேர்த்தார். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னைவிடப் பத்து மடங்கு வாயாடி.

“ஏரோப்ளேன் வந்தா நாம இன்னா மே பண்ணணும்?” என்று என்னைக் கேட்டாள்.

“விசில் ஊதணும்.”

“விசில் ஊதினா அது போய்டுமா?”

அப்பாவைக் கேட்டேன். அது தொண்டர்களின் கேள்வி அல்ல என்றார்.

கோடையில் ஒரு மத்தியானம் ஊரின் மேற்குக் கோடியில் கூரை வீடு ஒன்று பற்றிக்கொண்டது. அடுத்தடுத்து எல்லாமே கூரை வீடுகள். அண்ணனும் பாய் மகனும் மணியக்காரர் வீட்டுக்கு ஓடினார்கள். நாங்களும் பின்னால் ஓடினோம். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

“சாவி குடுங்க. பக்கெட்டு வேணும், நெருப்பு புட்ச்சிக்கிச்சு” என்றான் அண்ணன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். “யார் போட்டது? ஜப்பான்காரனா?”

“இல்லீங்க. அடுப்பு நெருப்பு.”

“அடுப்பு நெருப்புக்கு சர்க்கார் பக்கெட்டு தர முடியாதுப்பா. நாளைக்கு குண்டு வுழுந்தா நான் யாருக்கு பதில் சொல்றது?”

அண்ணன் சட்டம் பேச ஆரம்பித்தான். மலைக்காரப் பெண் அதற்கெல்லாம் நிற்கவில்லை. நேராகச் சாவடிக்குப் போனாள். அது பழைய காலத்து இரட்டைக் கதவு, கீலுக்குப் பதில் மேலும் கீழும் குழியில் சுழல்வது. பூட்டைத் தொடாமலே நாங்கள் நான்கு பேரும் அதைத் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தோம். பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

கிணற்றிலிருந்து பக்கெட்டுகள் கைமாறி வந்தன. பம்பை பாய் மகன் அடித்தான். அதிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்ததைப் பார்த்து அவனே பயந்துபோனான். இரண்டு வீடுகள் போயின. மற்றவை தப்பின. அதுவரை வேடிக்கை பார்த்த பெண்களும் கடைசியில் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

மறுநாள் கமிட்டி கூடியது. வீடு எரிந்தவர்களைப் பற்றிப் பேச அல்ல, கதவைப் பற்றிப் பேச. “பூட்டு ஒடையல, சரி. ஆனா பெயிண்ட் போச்சே” என்று ஒரு பக்கெட்டைத் தூக்கிக் காட்டினார் மணியக்காரர். ‘குண்டு விழுந்தால்’ என்பது அழிந்து ‘மட்டும்’ மட்டும் பாக்கி இருந்தது. எங்களைத் தொண்டிலிருந்து நீக்க வேண்டும் என்றார் ஒருவர். நீக்கினால் பதிலுக்கு அவருடைய மகன்களைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று அப்பா பணிவோடு சொன்னார். நாங்கள் குண்டு விழுந்தால் செய்ய வேண்டியதை ஒத்திகை பார்த்ததாக முடிவாயிற்று. கமிட்டிக்கு மறுபடியும் பாராட்டு வந்தது.

மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு காலையில், மலைமேல் ஊரிலிருந்து ஒரு ஆள் மூச்சு வாங்க இறங்கி வந்தான். எனக்குச் சினேகிதியாகிவிட்ட மலைக்காரப் பெண்ணின் மாமன். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து மறுநாளும் ஆகிவிட்டது. ஆலங்காயத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். ஆனால் மலையிலிருந்து நோயாளியை இறக்குவது லேசான காரியமில்லை. கம்பளியில் சுருட்டிக் கழியில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். வருகிற வழியிலேயே பாதி உயிர் போய்விடும். அதனால் பலர் இறக்குவதே இல்லை.

ஸ்ட்ரெச்சர் சாவடியில் இருந்தது. கதவை இப்போது இரும்புப் பட்டை அடித்துப் பலப்படுத்தியிருந்தார்கள். அண்ணன் மறுபடியும் சட்டம் யோசித்துக்கொண்டிருந்தபோது பாய் மகன் மணியக்காரர் முன்னால் போய் நின்றான்.

“ஐயா, மலை மேல ஒரு சத்தம் கேட்டுச்சாம்.”

“இன்னா சத்தம்?”

“முனகுற மாதிரி. ஏரோப்ளேனா இருக்குமோன்னு சந்தேகம். ஆளுங்களுக்கு அடி கிடி பட்டிருந்தா, தூக்குறதுக்கு...”

மணியக்காரரின் கை தானாக இடுப்புக்குப் போனது. “சீக்கிரம் போங்கப்பா! நான் இங்க ஊரைப் பாத்துக்கறேன்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மலைப்பாதையில் முன்பக்கம் பையன்கள், பின்பக்கம் நாங்கள். இறக்கத்தில் முன்னால் இருப்பவர்கள் தோளுக்கு மேல் தூக்க வேண்டும், பின்னால் இருப்பவர்கள் இடுப்புக்குக் கீழே தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி சறுக்கிவிடுவாள். இதை நாங்கள் முதல் வளைவில் அவள் சறுக்கிய பிறகு கற்றுக்கொண்டோம். வலியிலும் அவள் எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. டாக்டரம்மா வீட்டு வாசலில் இறக்கி வைத்தபோது எனக்குக் கை விரல்களை விரிக்க முடியவில்லை. சாயங்காலம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

அதற்குப் பிறகு மலையில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் ஜப்பான் விமானம் வந்தது. ஜன்னி கண்டவனுக்கு ஒன்று, மரத்திலிருந்து விழுந்தவனுக்கு ஒன்று, கரடி பிறாண்டியவனுக்கு ஒன்று. மணியக்காரர் ஒவ்வொன்றையும் மேலே எழுதச் சொன்னார். அப்பா எழுதினார். அவருக்கு விஷயம் தெரியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது. ‘சத்தம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது’ என்று மட்டுமே எழுதினார்; பொய் சொல்ல அவருக்கு வராது.

ஊரில் பேச்சு கிளம்பாமல் இல்லை. “வயசுக்கு வந்த பொண்ணுங்க பாடை தூக்கற மாதிரி தூக்கிக்கினு போவுதுங்க, எவன் கட்டிக்குவான்?” என்று ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது ஒரு அம்மாள் என் அம்மா காதில் விழும்படி சொன்னாள். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதாள். பெண்கள் பிரிவைக் கலைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, அது சர்க்கார் உத்தரவு என்றார் அப்பா. அந்த அம்மாளின் கொழுந்தனை இரண்டு வாரம் கழித்துப் பாம்பு கடித்தது. நாங்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு அவள் எங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எங்கள் துணிமணியைப் பற்றி மட்டும் பேசினாள்.

எல்லோரும் பிழைக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், காய்ச்சல் முற்றியவன், ஓடை தாண்டுகிறபோது போய்விட்டான். அவன் அம்மா கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் திரும்பி மலையைப் பார்த்து நின்றாள். நாங்களும் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினோம். ஊர் திரும்பிச் சாவியைக் கொடுக்கப் போனபோது மணியக்காரர் கேட்டார், “விமானம் இன்னாப்பா ஆச்சு?”

“போயிடுச்சுங்க” என்றான் அண்ணன்.

“நல்லதாப் போச்சு” என்றார் அவர்.

எங்கள் மலை மேல் இத்தனை விமானம் பறந்தது மேலிடத்துக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு அதிகாரி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். சாவடி முன்னால் நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து, எங்கள் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள்.

“விமானத்தை நேர்ல பாத்தது யாரு?” என்றார்.

என் சினேகிதி ஓர் அடி முன்னால் போனாள். “நான்தாங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“பெருசா இருந்துச்சுங்க. ரொம்ப வலியோட போச்சு.”

“வலியோடயா?”

“வேகத்தோடன்னு சொல்றாங்க சார்” என்றான் பாய் மகன்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு கிழவன் தலைப்பாகை அவிழ ஓடி வந்தான். சாவி கேட்கிற முறையை மலையில் எல்லோருக்கும் நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். அதை அவர்கள் தங்கள் வழியில் புரிந்துகொண்டிருந்தார்கள்.

“சாமி! என் மருமவளுக்கு ஏரோப்ளேன் வந்துட்ச்சு சாமி! எட்டாம் மாசம்! தண்ணி ஒடைஞ்சிட்ச்சு!”

அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மணியக்காரருக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. ‘ஏரோப்ளேன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பழக்கத்தில் சாவியை உருவி நீட்டிவிட்டு, “ஐயா, நீங்க உள்ள வந்துடுங்க” என்று அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி கிழவனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கிழவனின் கால் நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“நின்னுக்கிட்டு இருக்கீங்களே” என்றார். “விமானம் போயிடப் போவுது.”

நாங்கள் ஓடினோம். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ‘விமானம் பற்றிய தகவல் வந்தவுடன் தொண்டர்கள் தாமதமின்றிப் புறப்பட்டதை நேரில் கண்டேன்’ என்று கமிட்டி நோட்டில் எழுதியிருந்தார். புரிந்துகொண்டு எழுதினாரா, புரியாமல் எழுதினாரா என்று அப்பாவும் அண்ணனும் கடைசிவரை வாதாடினார்கள். பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு அவ்வளவு புத்தி இருக்காது என்பது அண்ணன் கட்சி.

விழிப்புடன் இருந்ததற்காக மணியக்காரருக்கு வேலூரில் ஒரு விழாவில் நற்சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். எங்களுக்குப் பெப்பர்மிண்ட் வாங்கி வந்தார். நிஜமாகவே வாங்கி வந்தார், நல்ல மனிதர். கிழவனின் மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது; அதைப் பஞ்சில் சுற்றிப் பிழைக்கவைத்தாள் டாக்டரம்மா.

அடுத்த மழைக்குள் நாங்கள் பிரிந்துவிட்டோம். அண்ணன் படிப்புக்குப் போனான். பாய் மகன் மண்டியில் உட்கார்ந்தான். என் சினேகிதிக்கு மலையிலேயே கல்யாணம் ஆயிற்று. யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்ன அம்மாளும் விருந்துக்கு மலையேறி வந்திருந்தாள். எனக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பில் சேர நேர்முகம் வந்தது. நோயாளிகளைக் கவனித்துப் பழக்கம் உண்டா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டாள்.

“கவனிச்சதில்லைங்க” என்றேன். “தூக்கியிருக்கேன்.”

அவள் என் கைகளைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். காய்ப்பு இருந்த இடங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னாள்.