சிவப்பு பச்சையான நேரம்

என் மகள் செல்வி பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் போனில் புகார் கேட்கும் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் பரீட்சையில் பாஸானால் அங்கேயே இன்னும் பெரிய வேலை கிடைக்கும். எந்த வீடியோ வகுப்பில் சேரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாத்தியார்களைப் போட்டுப் பார்த்தாள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோட்டு போட்ட முதல் வாத்தியார் தட்டியதெல்லாம் உடனே வேலை செய்தது.

"இவரையே எடுத்துக்கோடி" என்றேன்.

இரண்டாமவர் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்துக் காட்டினார். இணைப்பு வந்தால் பச்சையாகும் என்றார்; நடுவில் எரிந்த சிவப்பு விளக்கு மாறவே இல்லை.

"இன்னாம்மா, இவருக்கே வர்ல" என்று செல்வி மூடப் போனாள்.

"இருடி. வசமா மாட்டிக்கினாரு, எப்டி தப்பிக்கிறாரு பாக்கலாம்."

அவர் பதறாமல் ஒவ்வொரு இடமாகத் தேடினார். திடீரென்று செல்வி, "சார், வயர் சொருகுற போர்ட்ட ஆன் பண்ணவே இல்ல!" என்று கத்தினாள். அவரும் சிரித்துக்கொண்டே அதைத்தான் கண்டுபிடித்தார். விளக்கு பச்சையானதும் நான் கைதட்டிவிட்டேன்.

"இவருதாம்மா" என்றாள் செல்வி.

சோறு அடிபிடித்தால்கூட யாரும் பார்க்குமுன் பாத்திரத்தைத் தேய்த்து வைக்கிறவள் நான். அவரோ தன் தப்பை வீடியோவிலிருந்து வெட்டி எறியாமல் ஊருக்கே காட்டியிருந்தார். அதனால்தான் என் பெண்ணுக்குத் தைரியம் வந்தது. பரீட்சை அடுத்த மாதம். பாஸாகிவிட்டாள் என்றே எங்கள் ஏரியா ஜீவனஹள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.