பதினான்கு பெட்டியும் மூன்றாம் ஷிப்ட்டும்

நெய்வேலியில் ஆள் சப்ளை காண்ட்ராக்டர் தெய்வசிகாமணியிடம் நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகள். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் என்றைக்கு வேலைக்கு வந்தார்கள், எந்த ஷிப்ட்டில் வந்தார்கள் என்று பத்தொன்பது வருஷமாகக் கணக்கு வைத்திருப்பவள் காந்திமதி. பண்ருட்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, தானே உட்கார்ந்து எழுதிய புரோகிராம். ஒரு பழைய கம்ப்யூட்டர், மேலே ஒரு துண்டு, ஓரமாக ஒரு யூபிஎஸ். அவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம்.

இது போதாது என்று தெய்வசிகாமணிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். சென்னையிலிருந்து ஜெயப்பிரகாஷ் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, வாய் நிறைய கிளவுட். வெள்ளைப் பலகையில் பதினான்கு பெட்டி வரைந்தார். உள்ளே வருவதற்கு ஒரு சர்வீஸ், வெளியே போவதற்கு ஒரு சர்வீஸ், பெயரைச் சரிபார்க்க ஒன்று, இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இன்னொன்று. பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் கைரேகை வைத்தாலும் தாங்கும் என்றார். நெய்வேலி நகரியத்தையும் சேத்தியாத்தோப்பையும் சேர்த்து வண்டியில் ஏற்றி வந்தாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள் என்று காந்திமதி மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், மூணாவது ஷிப்ட்ட எப்படி எடுத்துக்கும்? ராத்திரி பத்து மணிக்கு உள்ள போறவங்க மறுநாள் காலையில ஆறு மணிக்கு வெளிய வருவாங்க. ஆனா அது வேலைக்கு ஏறின தேதிக்குத்தான் சேரும்."

"அது எட்ஜ் கேஸ் மேடம். பிறகு பாத்துக்கலாம்" என்றார் அவர். எழுதிக்கூடக் கொள்ளவில்லை. ஆளுக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு செய்கிற வேலை அவருக்கு ஓரமாம். காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி பக்கம் திரும்பினாள். அவர் பதினான்கு பெட்டிகளையும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பழைய கம்ப்யூட்டரை நிறுத்திவிடச் சொன்னார்கள். அவள் மானிட்டரை மட்டும் அணைத்தாள். கறுத்துப்போன திரைக்குப் பக்கத்தில் நின்று ஜெயப்பிரகாஷ் கட்டைவிரலைத் தூக்கிப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். 'பழையதற்கு விடைகொடுத்தோம்' என்று கீழே ஒரு வரி. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது அவர் காதில் விழவில்லை. கிளவுட்டில் இருப்பவர்களுக்குத் தரையில் கேட்கிற சத்தம் எட்டாது போலும்.

திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவர்களின் சீனியாரிட்டி பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் சுரங்க ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர் விட்டுப்போனால் அந்த வருஷம் வேலை பார்த்ததாகவே ஆகாது. காலையில் புது சிஸ்டம், அதில் ஏற்றியிருந்த வருஷக் கணக்கை எண்ணிப் பட்டியலைத் துப்பியது. ஒன்பது பெயர் இருந்தது. ஒன்பது பேரும் பகலில் மட்டும் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள்.

மூன்றாம் ஷிப்ட் முடித்து நேராக வந்த, நிலக்கரி பெல்ட் துடைக்கும் வேலுமணிக்கு நூற்று அறுபத்தெட்டு நாள் காட்டியது. கரித்தூள் போகாத விரலால் திரையைத் தொட்டுக் காட்டினான். "யக்கா, ராத்திரி பூரா பெல்ட்டாண்ட நின்னுகினு இருக்கேன். இது நான் வரவே இல்லன்னு சொல்லுது. பதினோரு வருசமாச்சு. இந்த வருசம் போச்சுன்னா பின்னால வந்தவன்லாம் எனக்கு முன்னால பூடுவான்."  அவனுக்குப் பின்னால் வாசல்வரை ஆட்கள்.

தெய்வசிகாமணி கையைப் பிசைந்தார். ஜெயப்பிரகாஷ் மடிக்கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே வந்ததை ஒரு பெட்டி ஒரு தேதியில் வைத்திருந்தது, வெளியே போனதை இன்னொரு பெட்டி மறு தேதியில் வைத்திருந்தது. இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். "இனிமே மூணாவது ஷிப்ட் ஆளுங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கு வந்து, அவுட் போட்டு, மறுபடி இன் போட்டுட்டுப் போகட்டும்."

"அதுவரைக்கும் பெல்ட்ட யாரு சார் பாத்துக்குவா? உங்க பதினாலாவது பெட்டியா?" என்று வேலுமணி கேட்டான். வாசலில் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

காந்திமதி எழுந்துபோய் மானிட்டரின் பொத்தானை அழுத்தினாள். பச்சை எழுத்துகள் வந்தன. இருநூற்று எண்பத்தேழு பெயர்கள். வேலுமணிக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு நாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து முடிப்பதற்குள் முதலாளி முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. நாலு மணிக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"நிறுத்தச் சொன்னேனேம்மா" என்றார் தெய்வசிகாமணி.

"நிறுத்தல சார். அதனாலதான் பட்டியல் போய்ச் சேந்துது."

ஜெயப்பிரகாஷ் பலகையில் பதினைந்தாவது பெட்டி ஒன்று வரைந்தார். மற்ற பதினான்கிலிருந்தும் அதற்கு அம்புக்குறி போட்டார். பிறகு, அவளுக்குப் பெரிய உபகாரம் செய்கிறவர்போல, "அந்த மூணாவது ஷிப்ட் ரூல எனக்கு டாக்குமெண்ட் பண்ணிக் குடுத்துடுங்க மேடம்" என்றார்.

"நீங்க நேத்து ராத்திரி சென்னையில எப்ப சார் பஸ் ஏறினீங்க?"

"பதினோரு மணிக்கு."

"இறங்கினது?"

"விடிகாலையில."

"உங்க சிஸ்டம் கணக்குப்படி நீங்க சென்னையிலருந்து கிளம்பினீங்க, எங்கயும் போய்ச் சேரல. நெய்வேலியில ஒருத்தர் இறங்கினாரு, எங்கருந்தும் கிளம்பல." மார்க்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஏறின தேதிதான் தேதி."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பட்டியலின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் வேலுமணி இன்னும் வீட்டுக்குப் போகாமல் நின்றான்.

ஜெயப்பிரகாஷ் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை காந்திமதி பக்கத்திலேயே நின்றாள்.