என் வீட்டுக்குள் வந்த கொய்னா

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் தென்காசியில் சுகாதார மேஸ்திரியாக இருந்தேன். குற்றாலத்து மலைக்குக் கீழே இருந்த சில ஊர்கள் என் பொறுப்பு. சாரல் ஓய்ந்ததும் ஓடைகளில் ஓட்டம் குறைந்து, பாறை இடுக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர் தேங்கும். கொசுப் புழு இருக்கிறதா என்று அகப்பையால் கோரிப் பார்த்து எண்ணெய் தெளிப்பேன். பிறகு வீடு வீடாகப் போய், மலேரியா என்னும் குளிர் காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கொய்னா கொடுப்பேன். கொய்னாப் பட்டை விளைகிற ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனபின் அந்த மருந்து கிடைப்பதே அரிதாகிவிட்டது. அதனால் என் கண்முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது உத்தரவு.

கர்ப்பிணிகள் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். கொய்னா கருவைக் கலைத்துவிடும் என்று பயம். காய்ச்சலை வளரவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம், அளவோடு கொடுத்தால் மருந்தால் வரும் ஆபத்து குறைவு என்று ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். அவ்வளவையும் வாசலில் நின்று சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. "ஒண்ணும் ஆகாது தாயி, நான் பொறுப்பு" என்பேன். அதோடு முடிந்தது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, நாற்று நடுகிறவள், அந்த வார்த்தையை நம்பிக் குடித்தாள். மூன்றாம் நாள் கரு கலைந்துவிட்டது. அவள் புருஷன் சண்டைக்கு வரவில்லை. "பொறுப்புன்னியளே, அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டான். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவளுக்கு அது எப்படியும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனாலும் அதன்பின் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு உடம்பு உதறத் தொடங்கியது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை, ஆறாம் மாதம். இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. என்ன காய்ச்சல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கொய்னா கலந்த பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டியிருந்தது.

ஆய்க்குடியிலிருந்து வந்த என் மாமியார் பாட்டிலைப் பார்த்ததும், "அத வெளிய வைங்க மாப்ள. என் மகளுக்கு வேண்டாம்" என்றாள். ஊர் ஊராகப் பேசின நான் பாட்டிலைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காய்ச்சல் இல்லை. இது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்று தெரிந்தும், ஒருவேளை வேறு காய்ச்சலோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் அதே நேரத்துக்குக் குளிர் வந்தது.

சூடு தணிந்து வியர்த்தபின் பாட்டிலோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த நாத்து நடுத பொம்பளைக்கும் இதத்தான் குடுத்தியளா?" என்று கேட்டாள். நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஆற்றில் குளிக்கப்போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமா."

"அவகிட்ட என்ன சொன்னிய?"

"ஒண்ணும் ஆகாதுன்னேன்."

"எனக்கு என்ன சொல்லுதிய?"

"காய்ச்சல இப்படியே விட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து. மருந்துல ஆபத்தே இல்லன்னு சொல்ல முடியாது. கம்மின்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்து, "ஊத்துங்க" என்றாள். அவள் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மனைவிக்குக் காது இரைந்தது. அது மருந்தின் குணம், தெரியும். ஆனால், "விடிஞ்சதிலேருந்து பிள்ள அசையல" என்றாள். டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன். பொறுத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டில் இருக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். எந்த வீட்டுக்குப் போகப் பயந்தேனோ அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

புருஷன் வெளியே வந்தான். "இன்னும் காய்ச்சல்லதான் கிடக்கா. மருந்தத் தொட மாட்டேங்கா" என்றான்.

"அன்னைக்கு நான் பொறுப்புன்னு சொன்னது தப்பு" என்றேன். "என் வீட்லயும் ஆறு மாசம், இதே காய்ச்சல். நேத்துக் குடுத்திருக்கேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பிள்ள எப்படி இருக்கு?"

"காலையிலேருந்து அசையலங்கா."

"அப்பம் இங்கன நின்னு என்ன செய்யுதிய? வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினாள்.

வழியில் இரண்டு முறை சைக்கிளிலிருந்து விழப்பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் மகளின் வயிற்றில் கைவைத்தபடி அசையாமல் இருந்தாள். பேசாதே என்று எனக்கு ஜாடை காட்டினாள். வெகு நேரத்துக்குப்பின் அவள் தோள் இறங்கியது. "முட்டுது மாப்ள" என்றாள். நான் சமையல்கட்டுக்குள் போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்று அழுதேன்.

மறுநாள் மத்தியானம் மூவரும் குளிருக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மருந்தை மட்டும் நிறுத்தாமல் கொடுத்தோம். ஒரு மாதம் முந்தியே பெண் குழந்தை பிறந்தது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. பஞ்சில் பொதிந்து வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டது.

நாற்று நடுகிறவளும், நான் மறுபடி போனபோது மருந்தை வாங்கிக் குடித்தாள். அதன்பின் எல்லா வீட்டிலும் நான் இரண்டு ஆபத்தையும் சொன்னேன். வேலை மெதுவாயிற்று. சிலர் வேண்டாம் என்றார்கள். "மருந்து குடுக்கப் போறீரா, பயங்காட்டப் போறீரா?" என்று மேலதிகாரி சத்தம் போட்டார். வேண்டாம் என்றவர்களின் வீட்டுக்கு, அவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே என்ற பதைப்போடு மறுநாளும் போனேன்.