நடுத்தட்டு யாருக்கு

எங்கள் பக்கத்தில் என்னை நியாயக்காரி என்பார்கள். பாராட்டாகச் சொல்கிறவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. ஒருமுறை வேப்பூரில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த ஒருவரிடம், "துண்டுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்று ஆரம்பித்து, விருத்தாசலம் வரும்வரை விடாமல் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்து, எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "இடம் கெடச்சிதுல்ல, அப்புறம் எதுக்கு கத்துன?" என்றார். நியாயத்துக்காக என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அது கெட்ட பழக்கம் என்று அப்போது தெரியாது.

இந்தப் பெயரால்தான் சூளையில் முறை போடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. எங்களுடையவை எல்லாம் சின்னச் சின்ன பீங்கான் யூனிட்டுகள். யானை, கிளி, உண்டியல், அகல் விளக்கு என்று ஆளுக்கொன்று செய்கிறோம். தனியாக ஒரு சூளையை நிரப்புகிற அளவுக்கு யாரிடமும் சரக்கு இருக்காது. அதனால் சில பேர் சேர்ந்து ஒரே கேஸ் சூளையில் வைத்துச் சுடுகிறோம். சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் தட்டுத்தட்டாக அடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் சூடு ஒன்றுபோல ஏறாது. நடுத்தட்டில் வைத்தால் சரக்கு கண்ணாடிபோலப் பளபளவென்று வரும். கதவுப் பக்கம் அடியில் வைத்தால் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. சில சமயம் நன்றாக வரும், சில சமயம் மேலே பூசுகிற கிளேஸ் கண்ணாடியாக உருகாமல் சொரசொரவென்று நிற்கும்.

நடுத்தட்டுக்கு அடிதடியே நடந்திருக்கிறது. அதனால் ஒரு முறை வைத்தோம். இந்தச் சூளையில் நடு கிடைத்தவருக்கு அடுத்த சூளையில் வேறு இடம். அப்படியே சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் நல்லதும் வரும், கெட்டதும் வரும். யாருக்கு எங்கே என்று நான் சொன்னால் அதுதான் முடிவு. பெரிய யூனிட், சின்ன யூனிட், சொந்தம், வேண்டாதவர் என்று எதையும் நான் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் இருந்தது. நிறையவே இருந்தது.

போன வருஷம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் எங்களோடு சேர்ந்தாள். வளைகுடாவில் வேலை பார்த்த அவளுடைய கணவர் முதுகு ஒடிந்து ஊர் திரும்பிவிட்டார். பாரம் தூக்க முடியாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது. குடும்பத்தை இனி இவள்தான் இழுக்க வேண்டும். பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு ஒரு சின்ன ஷெட்டில் கிண்ணம் செய்ய ஆரம்பித்தாள். கை சுத்தம். அவள் போட்ட நீலக் கிளேஸைப் பார்த்து நானே எப்படிக் கலக்கினாய் என்று கேட்டிருக்கிறேன்.

அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அவளுடைய ஊரிலேயே ஒரு கல்யாண வீடு. வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பச் சின்ன நீலக் கிண்ணங்கள் வேண்டும் என்றார்கள். அந்தக் கல்யாணத்துக்குக் கடைத்தெருவே வரும். கிண்ணம் பிடித்துப்போனால் கடைக்காரர்களே கூப்பிட்டு ஆர்டர் கொடுப்பார்கள், யூனிட் நிமிர்ந்துவிடும். இல்லையென்றால் அவ்வளவுதான். அவள் இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அந்தச் சூளையில் முறைப்படி அவளுக்குக் கதவுப் பக்கம் வந்தது. நடுத்தட்டு எனக்கு.

சரக்கு ஏற்றுகிற அன்று காலையில் வந்து நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, இந்த ஒரு தடவ மட்டும் நடுத்தட்டுல எனக்கு எடம் குடுங்கக்கா. அடுத்த சூளைக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும். நீங்க எங்க சொல்றீங்களோ அப்புறம் அங்கயே வச்சிக்கிறேன்."

"ஏம்மா, ஒனக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. முறைன்னா முறைதான். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் வாதாடவில்லை. "அதுவும் சரிதாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய், கதவுப் பக்கம் உட்கார்ந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். நான் நடுத்தட்டில் என் யானைகளை அடுக்கினேன். பக்கத்தில் நின்றவர்கள், இந்தம்மாகிட்ட யார் போய் நின்னாலும் ஒரே கணக்குதான் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. இனிக்கவும் செய்தது.

சூளை ஆறித் திறந்தபோது என் யானைகள் ஜொலித்தன. அவளுடைய கிண்ணங்களில் முக்கால்வாசி பொடி உப்பு அப்பியதுபோல வெளுத்துப்போயிருந்தன. மறுபடி சுட்டால் சரியாகும்தான். ஆனால் அடுத்த சூளைக்குள் கல்யாணமே முடிந்துவிடும். அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துத் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். துடைத்தால் போகிற குறையா அது? கல்யாண வீட்டார் எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். என் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"நம்ம யானைக்கு என்ன அவசரம்?"

ஒரு அவசரமும் இல்லை. அவை ஏதாவது கண்காட்சி வரும்வரை ஷெட்டில் தூசி குடித்துக்கொண்டிருக்க வேண்டியவை. அடுத்தவர் இடத்தைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்திருந்தால் அது அநியாயம். என் இடத்தை நான் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நடுத்தட்டு உனக்கு என்றுதான் முறை சொல்கிறது. நீயே வைத்துக்கொண்டாக வேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மோர் ஊத்தட்டா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

அவள் ஷெட்டை மூடிவிட்டாள். வேறொரு யூனிட்டில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற கூலி வேலைக்குப் போனாள். சூளையில் அவளுடைய பங்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எப்போதாவது மறுபடி ஆரம்பிப்பாள் என்று விட்டுவைத்திருந்தோம். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா, வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று நின்று கேட்பாள். நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் கடைசிச் சூளை. எனக்கு அகல் விளக்கு ஆர்டர் இருந்தது. தீபத்துக்குப் பிறகு அகலை யார் வாங்குவார்கள்? முறையைப் பார்த்தேன். எனக்குக் கதவுப் பக்கம். நடுத்தட்டு அவளுக்கு.

விளக்குகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வேலைக்குப் போகிற வழியில் அவளே வந்தாள்.

"அக்கா, எங்கிட்ட சரக்கு ஒண்ணுமில்ல. என் எடம் சும்மாதான இருக்குது, நீங்க வச்சிக்கோங்க. தீபத்துக்கு வெளக்கு நல்லா வரணும்ல."

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் விளக்குகளை எடுத்துக் கொடுக்க, நான் நடுத்தட்டில் அடுக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு உண்டியல் செய்கிறவர் வந்தார். அவரும் பாவம், அந்தச் சுற்றில் அவருக்கும் நல்ல இடம் இல்லை.

"என்னங்க இது? அவங்ககிட்ட சரக்கு இல்லன்னா எடம் அடுத்த முறைக்காரருக்குத்தான போவணும்? எனக்கில்ல வரணும்?"

"அவங்க எடம், அவங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். முறைல அதுக்குத் தடையில்ல" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்ததுபோல வந்து விழுந்தது. நான் சொன்னால் முடிவு என்பதால் அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

விளக்கை நீட்டிய அவளுடைய கை அப்படியே நின்றது.

"அப்படிக் குடுக்கலாமாக்கா? அன்னிக்கு நான் கேட்டப்ப முறைய மாத்தக் கூடாதுன்னீங்களே?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தட்டிலிருந்த விளக்குகளை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

"குடுக்கலாம்மா. அன்னிக்கும் குடுத்திருக்கலாம்" என்றேன்.

நீட்டிய விளக்கை என் கையில் கொடுத்தாள். பிறகு என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்.

"பரவால்லக்கா. அன்னிக்கு இருந்த வேலைல ஒங்களுக்குத் தோணிருக்காது."

தோன்றியது. அன்று அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தோன்றிவிட்டது. நியாயக்காரி என்ற பெயரை அவளுக்காகக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஆமாம்மா, தோணல" என்று சொல்லிவிட்டு, அடுத்த விளக்குக்காகக் கையை நீட்டினேன்.