லாரியில் ஒரு சந்து

கிடங்கில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவரை எல்லோரும் 'கட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். மேலிருந்து கட்டைகள் விழும் பழைய வீடியோ கேமில் ஊறிப்போன ஆள். வரிசை இடைவெளியில்லாமல் நிரம்பினால் மறைந்துவிடும், அதுதான் ஆட்டம். அந்தப் பழக்கத்தில் லாரியிலும் ஊசி நுழையாமல் பெட்டிகளை அடுக்கிவிட்டு, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து மட்டும் விட்டுவைப்பார். நீளக்கட்டை வருமாம், வந்தால் இடம் வேண்டுமாம்!

"காத்தை ஏத்தி அனுப்பவாய்யா லாரி வச்சிருக்கோம்?" என்று மேலாளர் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். கட்டை அசைந்துகொடுக்க மாட்டார்.

இருபது வருஷம் கழித்து நேற்றுதான் வந்தது, ஒல்லியாய், நெட்டையாய் ஒரு அலமாரிப் பெட்டி. அதைச் சந்தில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டடி பின்னால் நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவைச் சாத்தாம என்னய்யா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?" என்றார் மேலாளர்.

"இருங்க சார், இன்னும் மறையலையே!"