டேங்க் மூடியில் என் கையெழுத்து

ஓடும். சரியாக நாலு நிமிஷம். அப்புறம் ஒரு இருமல்... நின்றுவிடும்.

பத்து நாட்களாக என் நிம்மதியைக் கெடுத்தது எங்கள் பள்ளிக்கூடத்துப் புல்வெட்டும் மெஷின். கிழக்குத் தாம்பரத்தில் நான் பிசிக்ஸ் டீச்சராக இருக்கும் பள்ளிக்கு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பி வைத்தது. சிவப்புப் பெயின்ட், பெட்ரோல் இன்ஜின், இழுத்து ஸ்டார்ட் பண்ண ஒரு கயிறு. "பிசிக்ஸ் டீச்சர்தானே, நீங்களே பொறுப்பா பார்த்துக்குங்க" என்றார் கரஸ்பாண்டென்ட்.

எனக்குப் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பல்லாவரம் கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவர், இன்றைக்கும் கைநாட்டு. அவர் மகள் பொறுப்பில் ஒரு ஃபாரின் மெஷின்!

அதை ஓட்டுகிறவர் தோட்டக்காரர் கஜேந்திரன். தினமும் குன்றத்தூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார்.

மொபெட்டில்... கவனித்தீர்களா? நான் கவனித்தேன். முதல் வாரமே பெட்ரோல் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மெஷினும் பெட்ரோல் குடிக்கும், மொபெட்டும் பெட்ரோல் குடிக்கும். இரண்டும் ஒரே வேப்ப மரத்தடியில் நிற்கின்றன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நேராகக் கேட்டால் அசிங்கம். எனவே படித்தவள் மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். பரீட்சைப் பேப்பர் கட்டுகளை எப்படிப் பாதுகாக்கிறோம்? ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதையேதான் செய்தேன். காலையில் நானே டேங்கை நிரப்பி மூடினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். அதன் மேல் என் முழுக் கையெழுத்து. கீழே, பி.எஸ்ஸி. (இயற்பியல்).

கஜேந்திரன் பார்த்துக்கொண்டே நின்றார். "அடி கிடி பட்டுச்சா மேடம் அதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. திருட வழியில்லை என்றானதும் ஆள் வேறு ரூட்டைப் பிடித்துவிட்டார் பாருங்கள்!

நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே கஜேந்திரன் தலை தெரியும். "மேடம், நின்னுபோச்சு." போய்ப் பார்ப்பேன். பிளாஸ்திரி அப்படியே இருக்கும். பிரித்து, மூடியைத் திறந்தால் பெட்ரோலும் இருக்கும். மூடிவிட்டு, "இழுங்க" என்பேன். ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். நான் நிற்கும்வரை ஜம்மென்று ஓடும். திருப்தியாகி, திரும்ப ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனால்... ஜன்னலில் கஜேந்திரன்.

"கெவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி கீது மேடம் இது. ஆபீசர் வந்து நின்னாதான் வேலை செய்யுது. கயிறு இஸ்து இஸ்து எனக்குக் கையே போச்சு."

சிரிப்பாக இருந்ததா எனக்கு? இல்லை. நான் இருந்தால் ஓடுகிறது, இவர் தனியாக இருந்தால் நிற்கிறது. அப்படியென்றால் நிறுத்துவது யார்?

காரணமும் கிடைத்தது. மெஷின் வருவதற்கு முன்னால் தினக்கூலிக்கு வந்து கிரவுண்டில் புல் அறுத்தது கஜேந்திரனின் மனைவி. மெஷின் வந்தது, அந்த அம்மாவுக்கு வேலை போனது. மெஷின் கெட்டுப்போனால்?

ஒருவேளை தப்பாக நினைக்கிறேனோ என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்ததால், கீழ்க்கட்டளையில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் காதர் பாயிடம் மெஷினை அனுப்பினேன். சாயங்காலம் நானே போனேன்.

"கார்பரேட்டர கழட்டி க்ளீன் பண்ணிட்டேம்மா. ப்ளக்கு புதுசு. மூடி மேல என்னமோ கட்டு போட்டிருந்தீங்க, அதப் பிரிச்சுப் போட்டுட்டேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன், கிண்ணுனு ஓடுது. மிஷின்ல ஒரு கொறையும் இல்ல."

மெஷினில் குறை இல்லை என்றால் மனுஷனிடம்தானே குறை? மறுநாள் புதுப் பிளாஸ்திரி. இந்தத் தடவை மூன்று அடுக்கு. நாலு நிமிஷம் என்ன, மூன்றிலேயே நின்றது.

சந்தேகத்தில் ஒரு வசதி உண்டு. எது நடந்தாலும் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். ஓடினாலும் சாட்சி, நின்றாலும் சாட்சி.

அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் டே. மழை விட்ட கிரவுண்டில் முழங்கால் உயரத்துக்குப் புல். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டுக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயால சொன்னாப் போதாது. எழுத்துல குடுங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆளைக் கூப்பிட்டுக் கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்."

வெள்ளிக்கிழமை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில். 'டெலிபரேட்' என்ற வார்த்தைக்கு அடிக்கோடு. எங்கள் பரம்பரையிலேயே ஒருவர் எழுதிய முதல் ரிப்போர்ட்!

ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில், புதிதாக வாங்கிய எண்ணெய் டின்னைத் திறந்தேன். ஆணி வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. சாய்த்தேன். எண்ணெய் விக்கி விக்கி வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. பழக்கம்தானே, யோசிக்காமலே எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டேன். கயிறு மாதிரி இறங்கியது எண்ணெய்.

சுத்தி கையிலேயே நின்றுவிட்டது.

எண்ணெய் வெளியே வர வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும். காற்றழுத்தம். வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். அந்த டேங்க் மூடியின் நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரியாக அதன் மேல்தான் 'இயற்பியல்' என்று எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டேன். கஜேந்திரன் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு ஐயா வரச் சொன்னாராம். இன்னா விஷயம் மேடம்?"

பிளாஸ்திரியைப் பிரித்தேன். "இழுங்க." இழுத்தார். ஐந்து நிமிஷம், பத்து, இருபது. கிரவுண்டில் ஒரு ஓரத்துப் புல் விழுந்தது. அப்புறம் நானே திரும்ப ஒட்டினேன். நாலாவது நிமிஷம்... இருமல். நின்றது.

கஜேந்திரன் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் ஐயாகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். "நீங்க வேணும்னே நிறுத்துறீங்கன்னு."

அவர் குனிந்து பிளாஸ்திரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கட்டு போட்டதுலேர்ந்துதான் மேடம் பேஜார் பண்ணுது. எனக்கு மொத நாளே டவுட்டு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். "அப்போ பிரிச்சுப் பார்த்திருக்க வேண்டியதுதானே!"

"உங்க கையெழுத்து கீதே மேடம். அத்தை நான் பிரிச்சா, யாரைத் திருடன்னுவீங்க?"

பிளாஸ்திரியைப் பிரித்துக் கைக்குள் கசக்கிக்கொண்டேன்.

கரஸ்பாண்டென்ட் ரூமுக்கு நடந்தேன். என் கவர் அவர் மேஜை மேல், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். காற்று, மூடி, பிளாஸ்திரி, எல்லாம். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதையும் எழுத்துல குடுங்க."

கஜேந்திரனின் வேலை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டேயும் நடந்து முடிந்தது. முதல் வாரம் பெட்ரோல் ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று காதர் பாயிடம் கேட்டேன். ஈரப் புல்லுக்கு இன்ஜின் கூடுதலாகத்தான் குடிக்கும் என்றார். நம்புகிறேன். ஆனாலும் அந்த மொபெட்டைக் கடக்கும்போது என் கண் ஒரு தடவை அதன் டேங்குக்குப் போய்த்தான் வருகிறது... என்ன செய்ய?

அந்த இரண்டாவது கடிதம் ஐந்தே வரி. தமிழில் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கீழே பி.எஸ்ஸி. மட்டும் போடவில்லை.