கட்டில் காலடியில் மீன்

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். அப்படியிருக்க, நுளம்பு ஏன் மகளை மட்டும் தேடிப்போய்க் கடிக்கிறது? நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டுவேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் என் கணவரிடம் ஒரு பதில் இருக்கிறது. "என்ட ரத்தத்தில ஒயில் மணக்கும். உன்ட ரத்தத்தில சோக்கட்டி மணக்கும். அதுகள் வேற எங்க போறது?" என்பார்.

சிரிக்கலாம்தான். ஆனால் கடித்த பிறகு நடப்பது சிரிக்கிற விஷயமில்லை. முதலில் ஒரு சின்னப் புள்ளி. அரை மணித்தியாலத்தில் பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைத்ததுபோல வீங்கிவிடும். அவள் சொறிவாள். சொறிந்தால் தோல் கிழியும், நீர் கசியும். போன மாரியில் கணுக்காலில் இருந்த ஒரு கடி பழுத்து, காய்ச்சலும் சேர்ந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தோம். அப்போது அவளுக்கு ஒரு வயது. கையில் ஊசி ஏற்றிய இடத்தைக் காட்டிக் காட்டி அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "பயப்பட ஒண்டுமில்ல. பிள்ளைக்குத் தோல் மெல்லிசு. வளர வளரச் சரிவரும். அதுவரைக்கும் கடிக்க விடாம பாருங்க. கடிச்சா சொறிய விடாம பாருங்க. தந்த கிறீமைத் தவிர வேற ஒண்டும் பூசவேணாம்."

மற்றவர்களாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றிக் குடித்திருப்பார்கள். நான் கடைசி வசனத்தை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். திகதி, நேரம், கடித்த இடம், வீக்கத்தின் அளவு. பள்ளிக்கூட வரவுப் பதிவேடு போல இருக்கிறதென்று கணவர் அதற்கு 'நுளம்பு இடாப்பு' என்று பெயர் வைத்தார். காலையில் வேலைக்குப் போகும்போது, "இண்டைக்கு எத்தினை பேர் வரவு?" என்று கேட்பார்.

என் பழைய பருத்திச் சேலை இரண்டை வெட்டி மகளுக்கு முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடுகிற காற்சட்டையுமாக ஆறு சோடி தைத்தேன். எங்கள் வீடு புளியந்தீவில், வாவிக்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் இருக்கிறது. பின்னேரமானால் வாவிப் பக்கமிருந்து நல்ல காற்று வரும். அந்தக் காற்று வரும் நேரம் பார்த்து நான் எல்லா யன்னலையும் சாத்துவேன். கட்டிலுக்கு மேலே முகட்டில் கொளுவி, நிலம்வரைக்கும் விழுகிற மாதிரிப் பெரிய வலையொன்று வாங்கினோம். அதன் ஓரம் காற்றில் தூக்காமல் இருக்க என் படிப்புக்காலத்துப் புத்தகங்களைச் சுற்றிவர அடுக்கினேன். பல்கலைக்கழகத்தில் அந்தப் புத்தகங்கள் எனக்கு இவ்வளவு உதவவில்லை.

நுளம்பு போக, எறும்பு. ஒருநாள் மத்தியானம் மகள் பாதி பிஸ்கட்டைக் கைக்குள் பொத்தியபடி நித்திரையாகிவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது கட்டில் காலால் ஏறி விரல்வரைக்கும் சிவப்பெறும்பு வரிசை. அன்றே வெறும் பால்மா டின் நாலு தேடி எடுத்து, கட்டிலின் நாலு காலையும் டின்னுக்குள் இறக்கித் தண்ணீர் விட்டேன். சமையலறை அலுமாரிக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். எறும்பு அன்றோடு நின்றது. பின்னேரத்தில் வலையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, கையை மட்டும் உள்ளே நீட்டி, கோப்பையால் டின்களுக்குத் தண்ணீர் விடுவேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஆனாலும் இடாப்பில் வரவு குறையவில்லை.

இதற்கிடையில் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கைக்கு வந்தார். டெங்கு பார்க்கிற நாள். நான் அவரை வளவு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சிரட்டை இல்லை, டயர் இல்லை, பூச்சாடித் தட்டில் மண் நிரப்பியிருந்தேன். கிணற்றுக்கும் வலை. "ஒழுங்கையில உங்கட வளவு மாதிரி ஒண்டும் இல்ல, ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் சமையலறையில் பாடிக்கொண்டுதான் நின்றேன்.

கணவரின் அக்கா, என் மச்சாள், தேற்றாத்தீவில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு பஸ்ஸில் வருவா. அவவுடைய பையைக் கண்டால் மகள் வாசலில் நின்று குதிப்பாள். "மீ, மீ" என்பாள். அம்மா, அப்பாவுக்குப் பிறகு அவள் பழகிய மூன்றாவது சொல் மீன். மச்சாள் ஒரு செத்தல் மீனையோ செல்வன் மீனையோ வாலில் பிடித்துத் தூக்கி ஆட்டுவா. பிள்ளை வயிறு குலுங்கச் சிரிக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, மகளின் முழுக்கைச் சட்டையையும் காலுறையையும் காதுவரை இழுத்த தொப்பியையும் மச்சாள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா.

"என்னகா மச்சாள் இது? வயல் வட்டைக்குள்ள வெருளி நிப்பாட்டின மாதிரிக் கிடக்கு. கிளி வந்தாலும் பயந்து ஓடும்."

"கிளி கடிக்காது மச்சாள். நுளம்புதான் கடிக்கும்."

"எங்கட புள்ளையளையும் கடிச்சதுதானே. கொஞ்சம் தேங்காயெண்ணையில மஞ்சள் குழைச்சுப் பூசினா—"

"வேற ஒண்டும் பூசவேணாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

மச்சாள் மீன் வெட்டப் போனா. அன்று கத்தியின் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. எனக்கும் மனதுக்குள் ஒரு மாதிரி. அவ மூன்று பிள்ளை வளர்த்தவ. நான் ஒன்றையே கொப்பியில் எழுதி வளர்க்கிறேன். ஆனால் கணுக்கால் பழுத்தபோது வாட்டில் இருந்தது நான். இரண்டு பக்கமும் யோசித்து, மீன் கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

அடுத்த மாரி தொடங்குமுன் கூரை ஓடு மாற்றவேண்டி வந்தது. தூசு பறக்கும் வீட்டில் பிள்ளையை வைத்திருக்க முடியாது. "இரண்டு நாள்தானே, அக்கா வீட்டுக்குப் போவம்" என்றார் கணவர். மச்சாள் வீட்டு யன்னல்களுக்குக் கதவு இருப்பதை ஒருநாளும் நான் கண்டதில்லை, எப்போதும் திறந்தே கிடக்கும். ஆறு சோடி உடுப்பு, சின்ன வலை, கிறீம், நகம் வெட்டி, இடாப்பு எல்லாம் கட்டிக்கொண்டு போனேன்.

போன அன்றே நான் குளித்துவிட்டு வருவதற்குள் மச்சாள் பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டா. முற்றத்து மணலில் வெறும் உள்ளாடையோடு மகள் குந்தியிருந்து சிரட்டையால் மண் அள்ளித் தன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஈரத் தலையோடு ஓடினேன்.

"நில்லுகா," என்றா மச்சாள். "இந்தக் காத்துக்கு நுளம்பு பறந்தா கடலுக்குள்ளதான் போய் விழும். மறுகா கடிச்சா என்னோட சண்டைக்கு வாங்க."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, ஒரு சிரட்டை மண்ணை என் காலிலும் கொட்டினாள்.

இரண்டு நாளும் காலையில் அவளை உச்சி முதல் பாதம்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கடிகூட இல்லை. இடாப்பில் எழுத ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள் போனது. சந்தோசப்படவேண்டியவள், அங்கேயும் குழம்பிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ஏறக்குறைய ஒரு வருடமாக நான் செய்ததெல்லாம் என்ன?

வீட்டுக்குத் திரும்பி அடுத்த நாள் பார்த்தால் ஐந்து கடி. இரண்டு நாள் ஆளில்லாத வீட்டில் பசியோடு காத்திருந்ததுபோல. மச்சாளுக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன்.

"உங்கட வீட்டு நுளம்பு படிச்ச நுளம்பு மச்சாள்," என்றா. "எங்கட ஊரில கிடக்கிறது ஒண்டும் தெரியாததுகள்."

அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. காலை பத்து மணியிருக்கும். நான் சமையலறையில் நின்றேன். வீட்டில் சத்தம் இல்லை. இந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் சத்தம் இல்லையென்றால் எங்கேயோ ஏதோ நடக்கிறது. போய்ப் பார்த்தேன். அறைக்குள் புத்தகம் ஒன்று விலகிக் கிடந்தது. வலைக்குக் கீழால் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மகள் கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு டின்னுக்குள் விரலை விட்டு மெதுவாகச் சுழற்றிக்கொண்டு, மிகுந்த பாசத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மீ. மீ. மீ."

நானும் குப்புறப் படுத்தேன். கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். டின்னுக்குள் சின்னச் சின்னக் கோடுகள் வளைந்து நெளிந்து மேலே வந்து, வெளிச்சம் பட்டதும் கீழே போயின. தலை பெரிது, வால் ஒடுக்கம், மூச்சுக்குழாய் மேலே. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நான் வரைகிற அதே நுளம்புக் குடம்பி, முட்டை பொரித்து வருகிற புழு. பக்கத்து டின்னில் கூட்டுப்புழுவும் இருந்தது. மூன்றாவது டின்னின் விளிம்பில், அப்போதுதான் பிறந்த நுளம்பு ஒன்று செட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கை வட்டம் முழுவதும் நாலு பால்மா டின்னுக்குள் இருந்தது. அதுவும் வலைக்கு உள்ளே.

எறும்பு வராமல் தண்ணீர் விட்டவள் நான். அந்தத் தண்ணீர் குறையாமல் பார்த்தவளும் நான். பிறந்த நுளம்பு வெளியே போகாமல் வலையை இறக்கிப் புத்தகம் வைத்து, யன்னலையும் சாத்திக் கொடுத்தவளும் நான்தான். எறும்புக்கு மட்டுமே அந்த டின் என்று என் தலையில் பதிந்துவிட்டது. எங்கள் சமையலறை அலுமாரியின் காலடியில் சின்ன வயதிலிருந்து பார்த்ததால், அதைத் தேங்கிய தண்ணீர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கணவரைக் கூப்பிட்டேன். அவரும் வந்து எங்களுக்குப் பக்கத்தில் படுத்தார். மூன்று பேரும் கட்டிலுக்கடியில். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரிசோதகர் இன்னொருக்கா வந்தா, ரீச்சர், இந்த அறையையும் காட்டுவீங்களோ?"

எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. பழுத்த கணுக்காலும் ஆஸ்பத்திரி வாட்டும் நினைவில் வந்தன. ஆனால் மகள் ஈர விரலைத் தூக்கி அப்பாவுக்கும் மீன் காட்டினாள், அவர் "ஓம் மகள், நல்ல மீன். கறிக்குக் காணுமா?" என்று கேட்டார். அதோடு எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சிரித்து எழும்பும்போது கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. அதற்கும் சிரித்தோம்.

நாலு டின்னையும் முற்றத்துச் சுடுமணலில் கொட்டினோம். தன் மீனெல்லாம் போகிறதே என்று மகள் மட்டும் அழுதாள். பிறகு நான் வீடு முழுக்கத் தேடினேன். சமையலறை அலுமாரிக் கால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, சாமியறைப் பூச்செம்பு. தட்டிலும் நாலைந்து கிடந்தன. மச்சாளுக்குச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு மணித்தியாலம் யோசித்துவிட்டுக் கோல் எடுத்தேன். அவ சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினா. இருமல் நின்ற பிறகு, "போகட்டும் மச்சாள். அலுமாரிக்கு நானும் வச்சிருக்கன். பொறுங்க, போய்ப் பாத்திட்டு வாறன்" என்றா. திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம்.

அந்தக் கிழமையும் கடி இருந்தது. அடுத்த கிழமை குறைந்தது. மாதம் முடியும்போது இடாப்பில் நாட்கணக்காக வெற்றுக் கோடுகள். இப்போது பின்னேரங்களில் யன்னலைத் திறக்கிறேன். கையில்லாத சட்டையோடு மகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். தோணி வந்து சேரும் இடத்தில் உண்மையான மீன் துள்ளுவதைப் பார்த்து அவள் என் விரலை இழுப்பாள். அங்கே நுளம்பு ஒன்றிரண்டு கடிக்கத்தான் செய்கிறது. வீங்குகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கிறீம் பூசுகிறோம், வற்றிவிடுகிறது. வெளியில் கூட்டிப்போவது சரியா பிழையா என்று வீட்டிலிருந்து கரைவரை யோசிக்கிறேன். கரையில் அவள் ஓடுவதைப் பார்த்த பிறகு யோசிப்பதில்லை.

ஒரு விஷயம்தான் மிச்சம். டின்னை எடுத்ததும் எறும்பு திரும்பி வந்துவிட்டது. கட்டில் காலில் பவுடர் தூவிப் பார்த்தேன், அதைத் தாண்டி வந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தேன், மகள் அதைத் தொட்டுச் சுவரெல்லாம் பூசினாள். உப்புத் தண்ணீர் விடலாம் என்கிறா மச்சாள். எத்தனை உப்புப் போட்டால் குடம்பி பிழைக்காது என்று எனக்குத் தெரியவில்லை, வாவியின் உவர்த்தண்ணீரிலேயே சில வகை வளரும் என்று நானே படிப்பித்திருக்கிறேன். மருந்து தெளிக்க மனம் வரவில்லை. அவள் எதையும் வாயில் வைக்கிற வயது. ஆகவே இதை வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, தண்ணீரும் மருந்தும் இல்லாமல், இரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் எட்டாமல், கட்டிலில் எறும்பு ஏறாதிருக்க உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? தெரிந்தால் எழுதுங்கள். பிஸ்கட் கொடுக்கவேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவள் கேட்பதாயில்லை.